காற்றின் பெயரால்

காற்று தீங்கற்றது, ஆதலின் அதிலிருந்து பெறும் மின்சாரமும் தீங்கற்றதே என வாதிப்போர் நம்மிடையே பலர். 2030ஆம் ஆண்டளவில் நாட்டின் மின்சாரத்தில் 70 வீதத்தை மீளப் புதுப்பிக்கத்தக்க மூலங்களிலிருந்து பெறுவது அரசின் இலக்கு. நோக்கம் நன்றே. நுரைச்சோலையின் நிலக்கரிப் புகையை விரும்புவார் எவருமிலர். ஆயின், ஒரு கொள்கை நற்பெயர் பூண்டதனால் மாத்திரம் விசாரணைக்கு அப்பாற்பட்டதாகிவிடுமா?

மன்னார்த் தீவின் தென்கரையில் 2020 டிசம்பரில் திறக்கப்பட்ட 'தம்பபவனி'யின் 30 காற்றாலைக் கோபுரங்கள் 103.5 மெகாவாற்று மின் உற்பத்தித் திறன் உடையன. அத்தீவோ மத்திய ஆசியாவினூடாக வலசை வரும் பறவைகளின் பாதையில் உள்ளது. அயலிலுள்ள வங்காலைச் சரணாலயம் 2010இல் ராம்சார் ஈரநிலமாக ஏற்கப்பட்டது. அங்கு ஆழமற்ற நீரிற் பூநாரைகள் இரைதேடக் கண்டவன் யான். அவற்றின் வானை வரைபடத்தில் வெற்றிடமாகக் கொள்வதற்கு என் மனம் ஒருப்படவில்லை.

2025 ஆகஸ்டில் மேலும் காற்றாலைகள் அமைப்பதை எதிர்த்து மன்னார் மக்கள் வீதிக்கு வந்தனர். அவர்களை அபிவிருத்தியின் பகைவர் என்றல் எளிது. வெள்ளம் வடியும் வழி அடைபடுகின்றது, மீன்பிடி குன்றுகின்றது என்ற அவர்தம் முறையீட்டுக்கு விடையளித்தலே அரிது.

காற்றின் வேகத்தை அளப்போர், ஒரு முழு வலசைக் காலம் பறவைகளையும் எண்ணுக. நீரோடும் வழிகளைக் கிராமத்தவரிடம் கேட்டு வரைக. ஒப்பந்தம் எழுதுவது அதன் பின்னராகுக. காற்று நாளையும் வீசும். அழிந்த தீவு மீளாது.