அம்பலம் ஏறாத சொல்லா?

ஏழை சொல் அம்பலம் ஏறாது என்றொரு பழமொழி நம்மிடம் உண்டு. கரமனையில் குடியிருக்கும் நம்மவர் வீடுகளில் இது காதில் விழாத நாளில்லை. போன மாதம் ஒரு கொத்தனாரின் வாயிலிருந்து மறுபடியும் கேட்டோம். திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்தவர். இருபது வருடமாக இந்த ஊருக்குச் சுவர் எழுப்பிக் கொடுப்பவர். ஏழு வாரக் கூலியைத் தராமல் ஒரு கான்ட்ராக்டர் அவரை அலைக்கழிக்கிறார். தொழிலாளர் அலுவலகத்தில் மனுக் கொடுக்கலாமே என்றோம். "விடுங்க அண்ணாச்சி, நாம பாண்டிக்காரங்க. பொழைக்க வந்த எடத்துல ஏழை சொல்லு அம்பலம் ஏறுமா?" என்று சொல்லிவிட்டு பீடியைப் பற்ற வைத்துக்கொண்டார்.

தோழர்களே, தாய்மார்களே! அவர் பட்ட பாடு பொய் என்று சொல்ல இங்கே எவருமில்லை. "பாண்டி" என்ற சொல்லை ஏச்சாகவே கேட்டு வளர்ந்த பிள்ளைகள் நம் வீடுகளில் இருக்கிறார்கள். முகவரிச் சான்று இல்லை என்று ஜன்னலிலேயே திருப்பி அனுப்பப்பட்ட தாய்மார்கள் இருக்கிறார்கள். ஆனால் அடிபட்டவன் "என்னை அடித்தார்கள்" என்று சொல்வது ஒன்று, "நான் அடிபடவே பிறந்தவன்" என்று சொல்வது வேறொன்று. முன்னது புகார். பின்னது, அடித்தவனுக்கு நாமே கையெழுத்திட்டுக் கொடுக்கும் விடுதலைப் பத்திரம். ஏழு வாரக் கூலியை வைத்திருக்கும் அந்தக் கான்ட்ராக்டருக்கு வக்கீல் எதற்கு? நம் கொத்தனாரே அவருக்காக வாதாடித் தீர்ப்பும் சொல்லிவிட்டாரே!

பழமொழியில் வரும் அம்பலம் ஊர்ச்சபை. இந்த ஊரிலோ அம்பலம் என்றால் கோயில். இரண்டு பொருளிலும் ஏழை அம்பலம் ஏறிய ஊர் இது என்பதுதான் வேடிக்கை. கரமனைக்குத் தெற்கே வெங்ஙானூரில் பிறந்தவர் அய்யங்காளி. பள்ளிக்கூடத்தின் நிழலைக்கூட மிதிக்க விடாத காலத்தில் பிறந்த அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. தம் சாதியார் நடக்கக் கூடாத பொதுச்சாலையில் 1893-ல் வில்வண்டி பூட்டி ஓட்டினார். 1907-ல் சாது ஜன பரிபாலன சங்கத்தைத் தொடங்கினார். எங்கள் பிள்ளைகளுக்குப் பள்ளியில் இடமில்லையென்றால் உங்கள் வயலில் எங்கள் கை இல்லை என்று வேலைநிறுத்தம் செய்ய வைத்தார். அரைப்பட்டினிக்காரர்கள் முழுப்பட்டினி கிடந்து நடத்திய போராட்டம் அது. அதே மனிதர் பின்னர் ஸ்ரீமூலம் பிரஜா சபையில் உறுப்பினராக அமர்ந்து தம் மக்களுக்காக வாதாடினார். சபை கூடிய பாளையத்து ஜூபிலி மண்டபத்துக்கு 2019-ல் அவர் பெயரே சூட்டப்பட்டது. 1936 நவம்பர் 12-ல் கோயில் கதவுகளும் பிரகடனத்தால் திறந்தன.

"அவர் இந்த மண்ணில் பிறந்தவர், நாம் வந்தேறிகள்" என்று நம்மில் சிலர் சொல்லக்கூடும். சரி, மூணாறுக்குப் போவோம்.

மூணாறுத் தேயிலைத் தோட்டங்களில் கொழுந்து கிள்ளும் பெண்களில் பெரும்பாலோர் தமிழச்சிகள். பாட்டி, தாய், மகள் என்று தலைமுறை தலைமுறையாக லயத்து ஒற்றை அறைக்குள் வாழ்ந்தவர்கள். 2015-ல் அவர்களுடைய நாட்கூலி 232 ரூபாய். கண்ணன் தேவன் கம்பெனி அதற்கு முன் 19 சதவீதம் கொடுத்த போனஸை அந்த ஆண்டு 10 சதவீதமாகக் குறைத்தது. (2005-லிருந்து தொழிலாளர்களும் பங்கு வைத்திருக்கும் கம்பெனி அது. காகிதத்தில் முதலாளிகள், கையில் 232 ரூபாய்!) செப்டம்பர் மாதம் அந்தப் பெண்கள் கூடையை இறக்கி வைத்துவிட்டு, ஆயிரக்கணக்கில் மூணாறு நடுச்சாலையில் உட்கார்ந்தார்கள். தங்களுக்குப் "பெம்பிளை ஒருமை" என்று பெயர் வைத்துக்கொண்டார்கள். லிஸ்ஸி சன்னி, கோமதி, இந்திராணி மணிகண்டன் ஆகிய தோட்டத்துப் பெண்களே முன்னால் நின்றார்கள்.

அவர்கள் முதலில் எதிர்த்தது கம்பெனியை மட்டுமல்ல. வருடக்கணக்கில் சந்தா கட்டிவந்த தொழிற்சங்கங்களின் தலைவர்களையே பக்கத்தில் சேர்க்கவில்லை. தங்கள் வீட்டு ஆண்களையும் ஒதுங்கி நிற்கச் சொன்னார்கள். எங்களுக்காக வேறு யாரும் பேச வேண்டாம், எங்களுக்கு வாய் இருக்கிறது என்பதே அதன் பொருள். சங்கப் பத்திரிகையில் இதை எழுதும்போது எங்களுக்கே கொஞ்சம் உறுத்தத்தான் செய்கிறது. உறுத்தட்டும். ஒன்பது நாள் சாலையில் கிடந்தார்கள். செப்டம்பர் 13 இரவு, போனஸும் கருணைத்தொகையுமாக 20 சதவீதம் தர ஒப்புக்கொள்ளப்பட்டது. மறுபடியும் கூலிக்காகப் போராடினார்கள். கேட்டது 500, அக்டோபரில் கிடைத்தது 301. நவம்பரில் உள்ளாட்சித் தேர்தலில் நின்று, கோமதி தேவிகுளம் பிளாக் பஞ்சாயத்துக்கே தேர்ந்தெடுக்கப்பட்டார்.

அவர்களிடம் என்ன இருந்தது? பணம் இல்லை. கட்சி இல்லை. ஓட்டுக்கு மட்டும் தேடப்படும் சிறுபான்மை மொழிக்காரர்கள். பாதிக்கப்பட்டோம் என்று சொல்லிக்கொள்ள நம்மைவிடப் பத்து மடங்கு காரணம் உள்ளவர்கள். அந்தக் காரணங்களையே கோரிக்கைகளாக எழுதினார்கள் என்பதுதான் நமக்கும் அவர்களுக்கும் உள்ள வித்தியாசம். லயத்துத் திண்ணையில் உட்கார்ந்து சொன்னால் அது ஒப்பாரி. அதையே சாலையில் உட்கார்ந்து, தொகையும் தேதியும் போட்டுச் சொன்னபோது முதலமைச்சரே பேச்சுவார்த்தைக்கு உட்கார வேண்டி வந்தது.

வென்ற கதையை மட்டும் சொல்லி உங்களை ஏமாற்ற நாங்கள் விரும்பவில்லை. அந்த ஒற்றுமை நெடுநாள் நிலைக்கவில்லை. தலைவிகளுக்குள் பிளவு வந்தது, கட்சிகள் ஆளுக்கொரு பக்கம் இழுத்தன. போனஸ் கிடைத்தது, லயம் லயமாகவே இருந்தது. 2020 ஆகஸ்ட் 6 இரவு பெட்டிமுடியில் மலை சரிந்தபோது தோட்டத் தொழிலாளர் லயங்கள் மண்ணுக்குள் போயின. 70 உயிர்கள். விடியும்வரை வெளியுலகுக்குச் செய்தியே எட்டவில்லை. அந்தப் பழி செத்தவர்கள் மேல் விழாது. தலைமுறைகளாக அவர்களை அங்கே குடிவைத்தவர்கள் மேலும், பார்த்துக்கொண்டிருந்த அரசுகள் மேலும் விழும். ஆனாலும் உயிரோடிருக்கிற நாம் ஒன்றைக் கேட்டுக்கொள்ள வேண்டும். ஒன்பது நாள் உட்காரத் தெரிந்த நமக்கு, ஒன்பது வருடம் ஒரே கோரிக்கையை விடாமல் நடந்து கேட்க ஏன் முடியவில்லை? கூட்டம் கூடுவது நமக்குக் கைவந்த கலை. இரண்டாம் மனுவும் மூன்றாம் வாய்தாவும்தான் நம்மைக் களைக்க வைக்கின்றன.

கொத்தனாருக்கு வருவோம். அவரோடு மூன்று மாலை உட்கார்ந்தோம். முதல் நாள் விதியைப் பற்றிப் பேசினார். இரண்டாம் நாள் கான்ட்ராக்டரைத் திட்டினார். மூன்றாம் நாள் அவருடைய சம்சாரம் உள்ளேயிருந்து ஒரு பழைய நாட்காட்டியைக் கொண்டுவந்து போட்டார். எந்தெந்த நாள் வேலை, எந்த நாள் எவ்வளவு முன்பணம் என்று தேதிக்கு மேலேயே பென்சிலால் குறித்து வைத்திருக்கிறார் அந்த அம்மாள்! நாற்பத்தொரு நாள் கூலி பாக்கி என்று அன்றைக்குத்தான் சரியான கணக்கு வந்தது. குறை தீர்க்கக் கோரும் மனுவை இந்திய ஒன்றியத்திலோ மாநிலத்திலோ வழங்கும் எந்த மொழியிலும் கொடுக்கலாம் என்று அரசியல் சட்டத்தின் 350-ஆவது பிரிவு சொல்கிறது. ஆகவே மனு தமிழிலேயே எழுதப்பட்டது. மலையாளப் படியொன்றைப் பத்தாவது படிக்கும் அவர் மகள் எழுதிக் கொடுத்தாள்.

பணம் இன்னும் வரவில்லை. முதல் வாய்தாவுக்குக் கான்ட்ராக்டர் வரவில்லை, நம் கொத்தனார் போனார். ஒரு நாள் கூலி போயிற்றே என்று திரும்பும் வழியெல்லாம் முணுமுணுத்தார். அடுத்த வாய்தாவுக்கும் போவேன் என்று அவரே சொன்னார். வரும் செவ்வாய்க்கிழமை காலை ஒன்பது மணிக்குக் கரமனைப் பாலத்தருகே நிற்போம். அன்று வேலையில்லாதவர்கள் கூட வாருங்கள். கூலி பாக்கியுள்ளவர்கள் தங்கள் நாட்காட்டியையும் எடுத்து வாருங்கள்.