சிப்பாய்த் தேர்வில் இருக்கும் தமிழ் அதிகாரித் தேர்வில் இல்லை

வேலூரை அடுத்த கம்மவான்பேட்டையை அக்கம்பக்கத்தார் ‘ராணுவப்பேட்டை’ என்றே சொல்வார்கள். முதல் உலகப் போர்க் காலம் தொட்டுத் தலைமுறை தலைமுறையாகப் பட்டாளத்துக்கு ஆள் அனுப்பிவரும் ஊர் அது. தாத்தா, அப்பா, பேரன் என மூவருமே சீருடை அணிந்த குடும்பங்கள் அங்கே உண்டு. இப்படிப்பட்ட மண்ணில் படைக்குப் போகும் ஆசையை யாரும் புதிதாக ஊட்ட வேண்டியதில்லை. ஆனால், நான் பார்த்தவரை அந்த ஆசை பெரும்பாலும் சிப்பாய் வேலையோடு நின்றுவிடுகிறது. அதிகாரியாகவும் ஆகலாம் என்ற நினைப்பே பல வீடுகளில் எழுவதில்லை.

இந்த வரம்புக்கு இங்கே நீண்ட வரலாறு உண்டு. 1806 ஜூலை 10 அன்று வேலூர்க் கோட்டையில் சிப்பாய்கள் எழுந்ததற்குப் புதிய தலைப்பாகையும் அதில் செருகிய தோல் குஞ்சமும் காரணம் என்று பாடப்புத்தகத்தில் படித்திருக்கிறோம். அதே படையில் ஓர் இந்தியர் எத்தனை ஆண்டு உழைத்தாலும் சுபேதாருக்கு மேல் உயர முடியாது என்பதை அவ்வளவாகப் பேசுவதில்லை. இந்தியர்களை அதிகாரிகளாக்க டேராடூனில் ராணுவக் கல்விக்கழகம் திறக்கப்பட்டது 1932-இல்தான். சட்டத்தில் இருந்த தடை போய்விட்டது. நடைமுறையில் இன்னொன்று இருக்கிறது.

அந்தத் தடைக்கு வரும் முன் தேர்வு முறையைப் பார்ப்போம். அதிகாரித் தேர்வின் இதயம் எஸ்.எஸ்.பி. எனப்படும் ஐந்து நாள் தேர்வு. இரண்டாம் உலகப் போரின்போது பிரிட்டனில் பள்ளிப் பெருமையையும் குடும்பப் பின்னணியையும் பார்த்துச் சில நிமிட நேர்காணலில் அதிகாரிகளைப் பொறுக்கினார்கள். அவர்களில் பலர் பயிற்சியில் தேறவில்லை. அதனால் 1942-இல் உளவியலாளர்களை வைத்துப் புதிய முறையை வகுத்தார்கள். அடுத்த ஆண்டே அது டேராடூனுக்கு வந்தது. ‘யார் வீட்டுப் பிள்ளை’ என்ற கேள்வியை விட்டு ‘இவன் எப்படிப்பட்டவன்’ என்று கேட்கப் பிறந்த முறை அது.

முதல் நாள் வடிகட்டலிலேயே பலர் வீடு திரும்புவார்கள். மிஞ்சியவர்களுக்கு மங்கலான படங்களை ஒவ்வொன்றாக அரை நிமிடம் காட்டி, நான்கு நிமிடத்தில் கதை எழுதச் சொல்வார்கள். பதினொரு படங்களுக்குப் பின் பன்னிரண்டாவதாக வருவது வெற்று அட்டை. அதற்கு என்ன கதை எழுதுவது என்பது அவரவர் மனசைப் பொறுத்தது. பிறகு 60 சொற்கள். சொல்லுக்கு 15 விநாடி. திடலில் கட்டையும் கயிறும் பீப்பாயும் கொடுத்துக் குழுவாகத் தடையைத் தாண்டச் சொல்வார்கள். உளவியலாளர், குழுப் பணி அதிகாரி, நேர்காணல் அதிகாரி என மூவர் தனித்தனியே எடைபோட்டு, கடைசி நாளில்தான் ஒன்றாக உட்கார்ந்து முடிவெடுப்பார்கள். மனப்பாடம் செய்துவந்த கதை ஒருவரிடம் எடுபட்டாலும் மற்ற இருவரிடம் அவிழ்ந்துவிடும்.

ஊக்கம் உள்ளவரைக் கண்டுபிடிக்க இது நல்ல முறை என்றே நம்புகிறேன். ஆம்பூர், பேரணாம்பட்டு, வாணியம்பாடிப் பிள்ளைகளுக்கு இது சாதகமானதும்கூட. கல்லூரி விடுமுறையில் ஷூ கம்பெனிக்கு வேலைக்குப் போய்த் தம்பியின் பள்ளிக் கட்டணத்தைக் கட்டிய இளைஞனிடம் பொறுப்பு என்றால் என்ன என்று யாரும் பாடம் எடுக்க வேண்டாம். தையல் வரிசையில் ஒருவர் வராத நாளில் அந்த இடத்தையும் சேர்த்துச் சமாளித்த பெண், குழுப் பணி என்பதை உடம்பால் அறிந்தவள். கம்பெனி வேலையைச் சொன்னால் மதிப்புக் குறையும் என்று நினைத்து நேர்காணலில் அதை மறைக்கிறார்கள். தம்பி, தங்கைகளே, அதை மறைக்காதீர்கள். அதுதான் உங்கள் கதை. அதிகாரிகளை உருவாக்கும் தேசியப் பாதுகாப்புக் கல்விக்கழகத்தில் 2022 முதல் பெண்களுக்கும் இடம் உண்டு. முதல் அணியில் 17 பேர் 2025 மே மாதம் பயிற்சி முடித்தார்கள்.

சிக்கல், இந்த ஐந்து நாள் தேர்வுக்கு முந்தைய வாசலில் இருக்கிறது. தேசியப் பாதுகாப்புக் கல்விக்கழகத்துக்கான எழுத்துத் தேர்வை நடத்துவது மத்திய அரசுப் பணியாளர் தேர்வாணையம். கணிதத்துக்கும் பொது அறிவுக்கும் கேள்வித்தாள் ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டுமே. அரசுப் பள்ளியில் தமிழ்வழியில் பிளஸ் டூ படித்த பிள்ளைக்குக் கணக்கு தெரியும்; கேள்வி புரிவதற்குள் நேரம் போய்விடும். ஊக்கத்தை அளக்கும் மேசைக்கு அந்தப் பிள்ளை வந்து சேர்வதே இல்லை.

இதே நாட்டில் சைனிக் பள்ளியின் ஆறாம் வகுப்பு நுழைவுத் தேர்வைத் தமிழில் எழுதலாம். சிப்பாய்களைச் சேர்க்கும் அக்னிவீர் தேர்வையும் இப்போது தமிழில் எழுதலாம். இதே தேர்வாணையம் குடிமைப் பணி முதன்மைத் தேர்வைத் தமிழில் எழுத விடுகிறது. சிப்பாயாகச் சேர வரும் பிள்ளைக்குத் தமிழில் கேட்கும் அரசு, அதிகாரியாக வர நினைக்கும் பிள்ளையிடம் மட்டும் ஏன் தமிழை நிறுத்திக்கொள்கிறது?

அதிகாரிக்கு ஆங்கிலம் வேண்டாமா என்று கேட்பார்கள். வேண்டும். அதற்குத்தான் அதே தேர்வில் ஆங்கிலத்துக்கென்று 200 மதிப்பெண் தனியே இருக்கிறதே. ஆங்கிலத்தை ஆங்கிலப் பகுதியில் சோதிக்கலாம். முக்கோணவியலில் சோதிக்க வேண்டாம். தன் வீரர்களின் மொழியை அதிகாரி கற்றுக்கொள்ள வேண்டும் என்பது நம் படைப்பிரிவுகளின் பழைய மரபு. பயிற்சிக் காலத்தில் ஆங்கிலத்தைச் செம்மைப்படுத்திக்கொள்வது அதைவிடக் கடினமல்ல.

உள்ளூரிலும் செய்ய வேண்டியது உண்டு. என்.சி.சி. ‘சி’ சான்றிதழும் பட்டப்படிப்பில் 50 விழுக்காடும் இருந்தால் எழுத்துத் தேர்வே இல்லாமல் நேராக எஸ்.எஸ்.பி.க்குப் போக விண்ணப்பிக்கலாம். என்.சி.சி. உள்ள கல்லூரிகள் இதைச் சேர்க்கை நாளிலேயே மாணவரிடம் சொல்ல வேண்டும்; மூன்றாம் ஆண்டில் சொல்லிப் பயனில்லை. கம்மவான்பேட்டையில் ஓய்வுபெற்று வந்திருக்கும் சுபேதார்களும் ஹவில்தார்களும் வாரம் ஒரு மாலை பக்கத்துப் பள்ளிக்குப் போய், சிப்பாய் வேலையைப் பற்றிச் சொல்வதோடு இந்த வழியையும் சொல்லட்டும். தங்களுக்குக் கட்டளையிட்ட அதிகாரிகளை இருபது வருடம் பக்கத்தில் நின்று பார்த்தவர்கள் அவர்கள்.

தேர்வாணையத்திடமும் பாதுகாப்பு அமைச்சகத்திடமும் கேட்பது இவ்வளவுதான்: எழுத்துத் தேர்வின் 900 மதிப்பெண்ணில் ஆங்கிலத்துக்கான 200 அப்படியே இருக்கட்டும். மீதி 700-க்கான கேள்விகளைத் தமிழிலும் அச்சிடுங்கள்.