வேகத்துக்கு முதலிடம், பிரேக்குக்குக் கடைசி இடம்

தமிழில் மோட்டார் சைக்கிள் பற்றி எழுதுவோர் பலர் விற்பனையாளரின் துண்டுப்பிரசுரத்தையே வரலாறென்று எழுதிவிடுகின்றனர். எத்தனை சி.சி., எத்தனை குதிரைவலு, மணிக்கு எத்தனை கிலோமீற்றர் என்பதோடு அவர்களது வரலாறு முடிந்துவிடும். நெடுங்காலம் நாளிதழ்களில் செய்தி திருத்தியவன் என்பதால் எனக்கு இது பொறுக்கவில்லை. மலையக இளைஞர் பலரைக் கவர்ந்த பஜாஜ் பல்சர் 220இன் கதையையே எடுத்துக்கொள்வோம்.

ஸ்போர்ட் டூரிங் என்றால் விரைவாகவும் களைப்பின்றியும் நெடுந்தூரம் செல்வது. 1976இல் பி.எம்.டபிள்யூ. நிறுவனம் தனது ஆர் 100 ஆர்.எஸ். வண்டியின் முன்கவசத்தைக் காற்றுச் சுரங்கத்தில் சோதித்து வடிவமைத்தது இதற்காகத்தான். 1988இல் அதே நிறுவனம் தனது கே 100 வரிசையில் ஏ.பி.எஸ். அமைப்பைப் பொருத்தியது. பிரேக்கைத் திடீரென அழுத்தும்போது சக்கரம் இறுகிப்போய் வண்டி வழுக்காமல் காக்கும் ஏற்பாடு அது.

இனி நம் பக்கம் வருவோம். பல்சர் 2001இல் 150, 180 சி.சி. வண்டிகளாக வெளிவந்தது. 2007இல் வந்த பல்சர் 220, எரிபொருளை மின்னணு முறையில் அளந்து செலுத்தும் ஏற்பாட்டோடும் பின்சக்கரத்துக்கும் டிஸ்க் பிரேக்கோடும் வந்தது. இது மெய்யான முன்னேற்றம். ஆனால் 2009இல் அந்த எரிபொருள் ஏற்பாடு நீக்கப்பட்டுப் பழைய கார்ப்பரேட்டர் திரும்பியது. விலை குறைந்தது. 'அதிவேக இந்தியன்' என்ற பொருள்பட விளம்பரமும் வந்தது. நுட்பம் ஒரு படி இறங்கிய இடத்தில் வேகம் அரியணை ஏறியது.

ஏ.பி.எஸ். என்னவாயிற்று? ஓசூரில் இயங்கும் டி.வி.எஸ். நிறுவனம் 2011இலேயே அப்பாச்சி ஆர்.டி.ஆர். 180இல் அதைக் கொடுத்தது. ஆகவே, துணைக்கண்டத்தில் இயலாது என்ற பேச்சுக்கே இடமில்லை. பல்சர் 220க்கோ அது 2019இல்தான் வந்தது. 125 சி.சி.க்கு மேற்பட்ட வண்டிகள் அனைத்துக்கும் அந்த ஆண்டு ஏப்ரல் முதல் இந்திய அரசு அதைக் கட்டாயமாக்கியது. சட்டம் கதவைத் தட்டிய பின்னரே பாதுகாப்பு உள்ளே வந்தது.

எங்கள் தெமோதரையில் இதன் பொருள் வேறு. இங்கே ரயில்பாதை மலையைச் சுற்றி வளைந்து, தன் நிலையத்துக்கு அடியிலேயே சுரங்கத்தில் நுழைகிறது. சரிவு மிகாதிருக்க, நிலத்துக்கு அடங்கிப் பாதை அமைத்தனர் அக்காலப் பொறியியலாளர். 1924இல் பதுளையை எட்டிய அந்தப் பாதை இன்றும் நிற்கிறது. அருகே பண்டாரவளையிலிருந்து ஹாலிஎலவுக்கு இறங்கும் வீதியிலோ பனிமூட்டமும் மழையும் கொண்டை ஊசி வளைவுகளும் உள்ளன. அதில் சமவெளி வேகத்துக்காக விளம்பரம் செய்யப்பட்ட வண்டியை, லீசிங் கட்டணத்துக்குத் தாயின் கொழுந்துச் சம்பளத்தை எதிர்பார்க்கும் பிள்ளை ஓட்டுகிறான்.

ஓட்டுபவனின் அவசரமே விபத்துக்குக் காரணம் என்பார்கள். அவசரத்தை விளம்பரப்படுத்தி விற்றவர் யார்? ஏ.பி.எஸ். சேர்த்தால் விலை ஏறும் என்பார்கள். மகனைப் பறிகொடுத்த வீட்டின் நட்டத்தை எந்தக் கணக்கில் எழுதுவது? ஏ.பி.எஸ். சகல நோய்க்கும் மருந்தன்று. வளைவில் வரம்பு மீறிச் சாய்ந்தவனை அது காப்பாற்றாது. ஆனால் ஈரவீதியில் எதிரே திடீரென பஸ் வரும்போது, நிமிர்ந்து நிற்க ஒரு வாய்ப்பை அது தரும். இலங்கை வீதிகளில் ஆண்டுதோறும் ஈராயிரத்துக்கும் மேற்பட்டோர் இறக்கின்றனர். அந்த ஒரு வாய்ப்பைச் சிறிதென்று தள்ளிவிட முடியாது.

2020இல் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி 2025இல் மீண்டும் தொடங்கியிருக்கிறது. 125 சி.சி.க்கு மேற்பட்ட எந்த வண்டியும் ஏ.பி.எஸ். இன்றித் துறைமுகத்தைக் கடக்கக் கூடாது. மலையகப் பிரதிநிதிகள் இதை நாடாளுமன்றத்தில் உரக்கக் கேட்க வேண்டும். வண்டி வாங்கும் தம்பிமாரும் கடைக்காரரிடம் முதலில், "இது எவ்வளவு விரைவாக ஓடும்?" என்று கேட்காமல், "இது எவ்வளவு விரைவாக நிற்கும்?" என்று கேட்கட்டும்.