அவர் செய்தால் சொல், நாம் செய்தால் நகைப்பா?

சென்ற திங்கள் வத்தலக்குண்டுப் பேருந்து நிலையத்தில் என் பழைய மாணவர் ஒருவரைக் கண்டேன். செய்தி எழுதும் பணியினர். எவ்விதழில் என்று வினவினேன். "நான் பிரீலான்சர், ஐயா" என்றார். 'தன்னுரிமைச் செய்தியாளர்' எனலாமே தம்பி என்றேன். "அது புலவர்கள் உட்கார்ந்து செய்த சொல், ஐயா, ஆங்கிலச் சொல் தானாகப் பிறந்தது" என்று நகைத்தார்.

தமிழ்ப் பெருமக்களே! தானாகவா பிறந்தது?

'பிரீ' என்பது கட்டற்ற நிலை. 'இலான்சு' என்பது குதிரைமறவன் ஏந்தும் நெடுவேல். இவ்விரண்டும் கூடி, எத்தலைவனுக்கும் ஆட்படாது, பொருள் தருவோன் பக்கம் நின்று பொரும் விலைப்படைஞனைக் குறித்தன. (இலான்சுக்குத் தமிழ் வேர் தேடி நம்மவர் எவரும் இடர்ப்பட வேண்டா. அஃது இலத்தீனத்தினின்று பிரெஞ்சு வழியே வந்தது. உள்ளதை உரைப்பதால் தமிழுக்கு இழுக்கில்லை.)

இச்சொல் பண்டைப் போர்க்களத்தில் தோன்றியதென்றே பலரும் நம்புகின்றனர். அன்று. 14ஆம் நூற்றாண்டில் பிரான்சிலும் இத்தாலியிலும் திரிந்த விலைப்படைகளைக் 'கட்டற்ற கூட்டங்கள்' என்னும் பொருள்படக் குறிப்பதே வரலாற்று நூல் வழக்கு. 'பிரீலான்சு' என்பதை நூலில் நாட்டிப் பரப்பியவர் இசுக்காத்துலாந்து எழுத்தாளர் வால்டர் சுகாட்டு. 1819ஆம் ஆண்டின் இறுதியில் வெளிவந்த அவரது 'ஐவன்கோ' என்னும் புதினத்தில், தெ பிரேசி என்னும் படைத்தலைவன், தன் வேற்படையை வேந்தன் இரிச்சர்டுக்குத் தர முன்வந்ததையும் அவன் மறுத்ததையும் கூறுகின்றான். கதை நிகழ்வது 12ஆம் நூற்றாண்டில். சொல்லை எழுதியதோ அறுநூறு ஆண்டுகட்குப் பின், இருக்கையில் அமர்ந்து! அதன் பின்னரே அது கட்சி சாரா அரசியலாரையும், இதழ்தோறும் எழுதுவோரையும் குறிக்கலாயிற்று.

அவர் உட்கார்ந்து செய்ததை அவர்தம் மக்கள் நாவில் ஏற்றனர். வேறுபாடு அவ்வளவே. 1916இல் மறைமலையடிகள் தனித்தமிழ் இயக்கம் கண்டபோது நகைத்தோர் பலர். இன்று 'அபேட்சகர்' எங்கே? நகைத்தவர் வீட்டுச் சுவரிலும் தேர்தல்தோறும் 'வேட்பாளர்' என்றன்றோ எழுதப்படுகின்றது!

இவ்வளவும் கூறி, "நீ ஏற்ற பெயரின் பழம்பொருள் கூலிப்படையாள். அதைத் தமிழில் சொல்லி உன்னை அழைத்தால் ஏற்பாயா, தம்பி?" என்றேன்.

அவர் முகம் சிவந்தது. "பேருந்து வந்துவிட்டது, ஐயா" என்று விரைந்தார்.

பேருந்து என்றுதான் சொன்னார்.