கடலின் நிலை கூறும் விளக்கு

சண்டிலிப்பாயில் நின்று பார்ப்போருக்குக் கடல் தென்படுவதில்லை. வயலும் பனங்கூடலும் வழுக்கையாற்றின் போக்குமே கண்ணிற் படுவன. ஆயினும் வடக்கே சில கிலோமீற்றர் சென்றால் மாதகற் கரை வந்துவிடும். அக்கரைக்கு அப்பால் இன்று அலை அடங்கிக் கிடக்கின்றதா, பொங்கி எழுகின்றதா என்பதனை வீட்டு விறாந்தையில் இருந்தபடியே அறிவிக்கவல்ல விளக்கொன்றை நாமே செய்யலாம் என்றால் சிலர் வியப்பர். உயர்தர வகுப்பு மாணவர் இருவர் ஒரு விடுமுறைக் காலத்திற் செய்து முடிக்கத்தக்க வேலைதான் அது.

மேல்நாடுகளில் இத்தகைய விளக்குகளைத் தம் கையாற் செய்து வைத்திருப்போர் பெரும்பாலும் அலைச்சறுக்கு விளையாட்டில் ஈடுபாடு உடையோர். நீண்ட பலகையொன்றில் ஏறி நின்று, உயர்ந்தெழும் அலையோடு வழுக்கி வருவது அவ்விளையாட்டு. நமது நாட்டிற் கிழக்குக் கரையிலுள்ள அறுகம்குடா அதற்குப் பேர்பெற்ற இடம். அலை உயர்ந்தால் அவர்களுக்குக் கொண்டாட்டம். சிறு வள்ளத்திற் செல்லும் கடற்றொழிலாளிக்கோ அதுவே உயிராபத்து. ஆகவே, அங்கே பொழுதுபோக்குக்கு உதவும் கருவி இங்கே உயிர்காப்புக்கும் உதவக்கூடும்.

நிறத்தினாற் செய்தி கூறும் வழக்கம் புதியதன்று. அமெரிக்காவின் பொஸ்ரன் நகரில், உயர்ந்த கட்டடமொன்றின் உச்சியில் 1950ஆம் ஆண்டில் ஒரு விளக்கு வைக்கப்பட்டது. நீல ஒளி அசையாது நின்றால் தெளிந்த வானம். மின்னி மின்னி எரிந்தால் முகில். சிவப்பு அசையாது நின்றால் மழை. பத்திரிகை படியாதவரும் வீதியில் நடந்தபடியே அதனை அறிந்துகொள்வர்.

இதனால் ஆவதென்ன என்று வினவுவோருக்கு ஒரு துயரச் செய்தியை நினைவூட்டுவோம். 2024ஆம் ஆண்டு மே மாதம் 6ஆந் திகதி, கன்னியாகுமரி மாவட்டத்துக் கணபதிபுரத்தை அடுத்த லெமூர் கடற்கரையில், மருத்துவக் கல்லூரி மாணவர் ஐவர் அலையால் இழுக்கப்பட்டு உயிரிழந்தனர். தென் இந்து சமுத்திரத்தில் வெகு தொலைவில் வீசும் பெருங்காற்றினால் எழும் நீண்ட அலைகள் பல நாட் பயணஞ் செய்து, காற்றே இல்லாத கரையிலும் திடீரெனப் பொங்குவதுண்டு. சொல்லாமல் வருவதால் மலையாளக் கரையோர மக்கள் அதனைக் கள்ளக்கடல் என்பர். ஐதராபாத்திலுள்ள கடல்சார் தகவல் நிலையம் அந்நாட்களில் எச்சரிக்கை விடுத்தே இருந்தது. ஆயினும் கடலோரத்தில் நின்ற அவ்விளைஞரை அது காக்கவில்லை. எச்சரிக்கை வெளியிடப்படுவது வேறு. உரிய வேளையில் உரியவர் கண்ணிற் படுவது வேறு.

இதற்கு மாறான காட்சியையும் தமிழ்க் கரையே காட்டியுள்ளது. தொண்ணூறுகளின் பிற்பகுதியில் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் புதுச்சேரிக் கிராமங்களிலே தகவல் நிலையங்களை அமைத்தது. வீராம்பட்டினத்தில், அமெரிக்கக் கடற்படையின் இணையத்தளத்திலிருந்து அலையின் உயரத்தைப் பெற்று, ஒலிபெருக்கி வாயிலாக மீனவருக்கு அறிவித்து வந்தனர். 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆந் திகதி ஆழிப்பேரலை வந்தபோது, நல்லவாடு கிராமத்தவர் ஒருவர் சிங்கப்பூரிலிருந்து தொலைபேசியில் விடுத்த எச்சரிக்கை அவ்வூர் ஒலிபெருக்கியில் முழங்கியது. மக்கள் ஓடித் தப்பினர். அந்த ஒலிபெருக்கி செவிக்குச் செய்ததையே நமது விளக்கு கண்ணுக்குச் செய்ய வேண்டும்.

இனிச் செய்முறை. வைஃபை வசதியுள்ள இ.எஸ்.பி. 32 என்னும் சிறு மின்னணுப் பலகை ஒன்று; தனித்தனியே நிறம் மாற்றத்தக்க பன்னிரண்டு எல்.ஈ.டி. விளக்குகள் கொண்ட வளையம் ஒன்று. 5 வோல்ற்று வழங்கும் கைத்தொலைபேசி மின்னேற்றி ஒன்று. முழு வெள்ளொளியில் ஒரு விளக்கு ஏறக்குறைய 60 மில்லியம்பியர் மின்னை இழுக்கும், பன்னிரண்டுக்கும் 720. ஆகையால் 1 அம்பியருக்குக் குறையாத மின்னேற்றியைத் தெரிந்தெடுக்க. மேலே மூட, பனையோலையில் இழைத்த சிறு கூடு போதும். ஓபின்-மீற்றியோ என்னும் இணையச் சேவை, வணிக நோக்கில்லாதோருக்குக் கட்டணமின்றி அலை விவரம் தருகின்றது. மாதகலுக்கு வடக்கேயுள்ள கடற்பரப்பின் அகலக்கோட்டையும் நெடுங்கோட்டையும் கொடுத்தால், அலையின் உயரம், திசை, காலம் ஆகியவற்றை விடையாக அனுப்பும். பலகை மணிக்கு ஒருமுறை கேட்டறிந்தாற் போதுமானது.

உயரத்தை மட்டும் காட்டினால் விளக்கு அரைகுறையாகவே பேசும். அலை சுமந்துவரும் ஆற்றல் உயரத்தின் வர்க்கத்தையும், ஓர் அலைக்கும் அடுத்த அலைக்கும் இடைப்பட்ட காலத்தையும் பொறுத்தது. உயரம் இரு மடங்கானால் ஆற்றல் நான்கு மடங்கு. உயரம் மாறாது காலம் 6 செக்கனிலிருந்து 12 செக்கன் ஆயினும் ஆற்றல் இரு மடங்கு. ஆகவே, எரியும் விளக்குகளின் தொகை உயரத்தைக் காட்டட்டும்; ஒளி ஏறித் தணியும் வேகம் அலையின் காலத்தைக் காட்டட்டும். நிறத்தை மாத்திரம் நம்புதல் தகாது. சிவப்பையும் பச்சையையும் பிரித்தறிய இயலாதோர் நம்மிடையே உளர்.

பச்சை நிறத்தையே விலக்கிவிடுவது நன்றென நாம் கருதுகிறோம். வீதியிற் பச்சை என்பது போகலாம் என்னும் அனுமதி. கடலுக்குச் செல்ல அனுமதி வழங்கும் தகுதி நமது விளக்குக்கு இல்லை. தாழ்ந்த அலைக்கு நீலம், இடைத்தரத்துக்கு மஞ்சள், உயர்ந்ததற்குச் சிவப்பு என வகுக்கலாம். எந்த உயரத்தில் நிறம் மாற வேண்டும் என்பதை மாணவரோ ஆசிரியரோ தீர்மானித்தலாகாது. வாடையும் கொண்டலும் சோழகமும் கச்சானும் அறிந்து வள்ளம் ஓட்டுவோரிடம் கேட்டே குறித்துக்கொள்ள வேண்டும்.

இவை அனைத்திலும் முதன்மையான விதி ஒன்றுண்டு. இணையத் தொடர்பு நள்ளிரவில் அறுந்துபோக, மாலையில் எரிந்த நீலமே விடியும்வரை எரிந்துகொண்டிருந்தால், அவ்விளக்கு பொய்யுரைக்கின்றது. விளக்கே இல்லாதிருப்பதிலும் அது கேடானது. எனவே மூன்று மணி நேரம் புதிய செய்தி கிட்டாவிடின் விளக்குத் தானே அணைந்துவிடும் வண்ணம் ஆணைத்தொடரை எழுதுக. மின்சாரம் நின்றாலும் அது அணையும். இருண்ட விளக்குக்கு ‘எனக்குத் தெரியாது’ என்பதே பொருள் என்று வீட்டார் அனைவரும் அறிந்திருத்தல் வேண்டும்.

இணையம் தருவது கணிப்பேயன்றி நேரிற் கண்ட அளவன்று. உலகக் கணிப்புகள் கடலைப் பல கிலோமீற்றர் அகலமுள்ள கட்டங்களாகப் பிரிப்பவை. ஆழங் குறைந்த பாக்கு நீரிணையின் ஒவ்வொரு திட்டும் திடலும் அவற்றுக்குத் தெரியா. இடிமுகிலோடு திடீரென எழும் காற்றையும் அவை காட்டமாட்டா. வளிமண்டலவியல் திணைக்களம் கடற்றொழிலாளருக்கு எச்சரிக்கை விடுத்திருப்பின், விளக்கு நீலமாக இருந்தாலும் அவ்வெச்சரிக்கையே மேலானது.

மாணவர்களே, செய்து முடித்த விளக்கைப் பரிசுக் கண்காட்சியோடு பெட்டியில் வைத்துப் பூட்டிவிடாதீர்கள். கரையோரத்துக் கூட்டுறவுச் சங்க வாயிலில், விடியுமுன் வலை சுமந்து செல்வோர் காணும் உயரத்தில் அதனைத் தொங்கவிடுங்கள். 1916ஆம் ஆண்டில் எழுந்த பருத்தித்துறை வெளிச்சவீடு, கடலில் இருப்போனுக்குக் கரை எங்கே உள்ளது என்று காட்டவே கட்டப்பட்டது. கரையில் இருப்போனுக்குக் கடல் எவ்வாறுள்ளது என்று காட்டும் சிறு விளக்கை நீங்கள் செய்யுங்கள்.