எழுத்தும் தலையெழுத்தும்

ஓரெழுத்து மாறினால் பொருள் மாறும் என்று தமிழ் வகுப்பில் நாள்தோறும் கற்பிக்கிறோம். அரம் வேறு, அறம் வேறு. மனித உடலுக்குள்ளும் இத்தகைய எழுத்துமாற்றம் நிகழ்கிறது. அதனை எச்சொல்லால் குறிப்பது என்பதில் தமிழ் பயின்றோர்க்கும் பொறுப்பு உண்டு என்பதே இக்கட்டுரையின் கருத்து.

கொழுப்பு நீரில் கரையாது. ஆதலின், குருதியில் அதனைச் சுமந்து சென்று உயிரணுக்களின் வாயிலில் சேர்க்கச் சில புரதங்கள் தேவைப்படுகின்றன. அவற்றுள் ஒன்று அப்போலிப்போபுரோட்டீன் ஈ. கல்லீரலில் பெருமளவும், மூளையில் ஓரளவும் இது உருவாகிறது. 299 அமினோ அமிலங்கள் கோத்த இந்த மாலையில் 112, 158 ஆகிய இரண்டு இடங்களே வேறுபாட்டுக்குக் காரணம். இரண்டிடத்தும் சிஸ்டீன் அமைந்தால் ஈ2. இரண்டிடத்தும் ஆர்ஜினின் அமைந்தால் ஈ4. முன்னதில் சிஸ்டீனும் பின்னதில் ஆர்ஜினினும் அமைந்தால் ஈ3. பெரும்பாலோரிடம் காணப்படுவது ஈ3.

ஈ4 வடிவம் உடையோர்க்கு அல்சைமர் என்னும் மறதிநோய் வரும் வாய்ப்பு மிகுதி என்பதை 1993ஆம் ஆண்டு அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வெளியிட்டனர். தாய், தந்தை இருவரிடமிருந்தும் ஈ4 பெற்றோர்க்கு அவ்வாய்ப்பு இன்னும் மிகுதி. இச்செய்தி மக்களிடம் வரும்போது 'மறதிநோய் மரபணு' என்று சுருங்கிவிடுகிறது. எளிமைக்காகச் சுருக்குவதில் பிழை என்ன என்று வினவுவர். சுருக்கம் பிழையன்று, பொருளைத் திரிப்பதே பிழை. ஈ4 இருந்தும் நோயின்றி முதுமை கண்டோர் பலர். ஈ4 இல்லாமலே நோயுற்றோரும் பலர். வாய்ப்பு என்பது வேறு, விதி என்பது வேறு.

இதற்கு ஆய்வுக்கூடமே சான்று தருகிறது. ஒரு வடிவத்தின் இயல்பைத் தனித்து அறிய, அதற்குரிய மனித மரபணுவை எஷ்சரிக்கியா கோலி என்னும் நுண்ணுயிரியினுள் செலுத்தி, அது ஆக்கித் தரும் புரதத்தைப் பிரித்துத் தூய்மை செய்கின்றனர். இது ஆய்வுக்குரிய கருவி, மருந்தன்று. இவ்வாறு பெற்ற புரதம் கொழுப்பின்றித் தனித்திருக்கும்போது, உயிரணுவின் வாயிலில் உள்ள ஏற்பி அதனை ஏறத்தாழ அடையாளம் காண்பதே இல்லை. பாஸ்போலிப்பிடு என்னும் கொழுப்போடு சேர்த்த பின்னரே அது ஏற்பியோடு நன்கு இணைகிறது. சொல்லின் பொருள் தொடரில் விளங்குவது போலப் புரதத்தின் பணி அதன் சேர்க்கையில் விளங்குகிறது.

ஈ2 இன்னொரு சான்று. ஆய்வுக்கூடத்தில் இது அவ்வேற்பியோடு மிகக் குறைவாகவே இணைகிறது. இரு ஈ2 பெற்றோர் அனைவர்க்கும் குருதியில் கொழுப்பு மிகும் நோய் வரவேண்டும் என்றே எண்ணத் தோன்றும். ஆனால் அவர்களுள் சிறுபகுதியினரே அந்நோய்க்கு ஆளாகின்றனர். பருமன், நீரிழிவு போன்ற பிறவும் கூடும்போதே அது பெரும்பாலும் வெளிப்படுகிறது.

ஆகவே, முதுமையில் பெற்ற பிள்ளையின் பெயரையே மறந்துவிட்ட தந்தையைக் காட்டி, 'அது அந்தக் குடும்பத்து நோய்' என்று கூறி மணப்பேச்சை முறிப்பது அறிவியலும் அன்று, அறமும் அன்று. பெரியோர் இதனை எண்ணிப் பார்க்க வேண்டுகிறோம். மாணவர்களே, நாளை நீங்கள் அறிவியலைத் தமிழில் எழுதுவீர்கள். அப்போது 'வரும்' என்பதற்கும் 'வரக்கூடும்' என்பதற்கும் இடையிலுள்ள வேறுபாட்டைக் காத்து எழுதுங்கள். புரதத்தில் இருப்பது எழுத்து. அதனைத் தலையெழுத்து ஆக்குவது நம் நாவே.