குறிஞ்சி வாழும் புல்வெளி தரிசன்று

நீலக்குறிஞ்சி பன்னிரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை பூப்பது என்பதை நம் அங்கத்தினர்களில் அறியாதார் சிலரே. 2006ஆம் ஆண்டில் மலர்ந்தது, 2018இல் மலர்ந்தது, இனி 2030இல் எதிர்பார்க்கிறோம். ஆனால், இடைப்பட்ட ஆண்டுகளில் அச்செடி எங்கே இருக்கிறது என்று எவரும் கேட்பதில்லை. கேட்க வேண்டிய கேள்வி அதுவே என்பது என் கருத்து.

குறிஞ்சி மேற்குத் தொடர்ச்சி மலையில் வளர்வது. நீலகிரி, ஆனைமலை, பழனிமலை, மூணாற்றை அடுத்த இரவிகுளம் ஆகிய இடங்களில், ஏறத்தாழ 1,300 மீட்டர் முதல் 2,400 மீட்டர் வரை உயர்ந்த சரிவுகளில் வளர்கிறது. சோலைக் காட்டின் அடர்ந்த நிழல் அதற்கு ஆகாது. சோலைகளுக்கிடையே வெயிலும் காற்றும் படும் புல்வெளியே அதன் வீடு. பூவில்லாத காலத்தில் அது வெறும் பச்சைப் புதர். பார்ப்பவர் கண்ணுக்குப் படுவதில்லை. பூத்து, விதை முற்றியதும் செடி மடிந்துவிடும். விழுந்த விதையே அடுத்த தலைமுறை. கொத்தை ஒடித்து வண்டியில் செருகிக்கொண்டு இறங்கும் உல்லாசப் பயணிகள் இதை அறிவார்களோ, என்னவோ!

எனினும், பூ பறிப்போரால் வரும் கேடு சிறிது. நிலத்தைத் தரிசென்று எழுதிவிடுவதால் வரும் கேடே பெரிது. ஆங்கிலேயர் காலந்தொட்டு இப்புல்வெளிகள் வீண் தரையாகவே எண்ணப்பட்டன. தேயிலை ஏறிற்று, கற்பூர மரம் ஏறிற்று, சீகை மரமோ நட்ட இடத்தோடு நில்லாமல் தானே பரவிற்று. நீலகிரியிலும் பழனிமலையிலும் புல்வெளியின் பெரும்பகுதி இவ்வாறே மறைந்தது.

"பூவைப் பார்த்தால் வயிறு நிறையுமா?" என்று மலைத்தோட்ட அன்பர் கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால், மழைநீரை வாங்கிச் சிறுகச் சிறுக ஓடைக்கு விடுபவை அப்புல்வெளியும் சோலையுமே. பவானிக்கும் அமராவதிக்கும் நீர் அங்கிருந்து இறங்குகிறது. பவானியில் ஜமுக்காளம் நெய்பவருக்கும் கரூர்த் தறிக்காரருக்கும் அந்நீரில் பங்குண்டு.

கேரள அரசு 2006இல் வட்டவடைப் பகுதியில் குறிஞ்சிக்கென ஒரு சரணாலயத்தை அறிவித்தது. பட்டாதாரர் உரிமை பற்றிய சர்ச்சையால் அதன் எல்லை பல ஆண்டுகள் தீராமலே கிடந்தது. மேலிருந்து வரும் உத்தரவு மட்டும் போதாது. மலைப்பகுதிச் சங்கங்கள் நிலத் திருத்தக் கடனுக்குச் சிபாரிசு செய்யுமுன், நிர்வாகக் குழுவினர் இருவர் அச்சரிவை நேரில் பார்த்து, அங்கே குறிஞ்சிப் புதர் உண்டா என மனுவிலேயே குறித்து வைக்கலாம். அடுத்த பொதுக்குழுவில் இதனைத் தீர்மானமாகக் கொண்டுவர அங்கத்தினர்களை வேண்டுகிறேன்.